நாபெயொக்கின் நான்கு கட்டில்கள்

நாபெயொக்கை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் டிரைவராக நான் சேர்ந்த புதிது. மாடு கொள்ளையடிக்க வந்தவர்களோடு நடந்த சண்டையில் குண்டடிபட்ட ஒருவனைக் கொண்டுவந்து இறக்கியிருந்தேன். கூட வந்த அவன் அண்ணன் சோளக் கள் போதையில் ஆக்சிஜன் குழாயின் மேல் காலை வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்று அழுதான். நகரச் சொன்னாள். நகரவில்லை. அவன் கைத்தடியைப் பிடுங்கி அவன் முழங்காலிலேயே ஒரு போடு போட்டாள். அவன் சுருண்டு விழுந்ததும் குனிந்து குழாயை நேராக்கிவிட்டு, தம்பிக்காரனின் நகத்தில் நீலம் குறைகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"டிரைவர், இவனை வெளியில இழுத்துப் போடுங்க. மூட்டு உடையல, அளவாத்தான் அடிச்சேன்" என்றாள்.

அவளுடைய வார்டில் நான்கு கட்டில்கள். சாகக் கிடக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் மெஷின்கள் இரண்டு இருந்தன. ஆளுக்குப் பதிலாக மூச்சு விடும் பெரிய மெஷின் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து, மின்சாரம் ஏறி இறங்கியதில் புகைந்து, மூலையில் நின்றது. அதன் மேல் போர்வைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அது செய்ய வேண்டிய வேலையைக் கைகள் செய்தன. தொண்டைக்குள் குழாய் இறக்கி, முனையில் ரப்பர்ப் பையை மாட்டி, மூச்சுக்கு ஒரு அமுக்காக இரவும் பகலும் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நர்ஸ்கள் போதாது. நோயாளியின் வீட்டார்தான் முறை வைத்து அமுக்குவார்கள். அப்பன், பெண்டாட்டி, பங்காளி, யார் வந்தாலும் அவர்கள் கையில் பையைக் கொடுத்துவிடுவாள்.

அவளும் மாடு மேய்க்கும் எங்கள் கரமோஜாச் சீமைக்காரிதான். மாட்டுப்பட்டி வேலிக்குள் பிறந்தவள். சின்ன வயதில் ஒரு கொள்ளையில் குண்டு அவள் முன்கையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தத் தழும்பைப் பற்றி அவள் பேசியதே இல்லை. அவள் பேசியதெல்லாம் புருஷனைப் பற்றித்தான். கல்யாணமான அடுத்த கோடையில் அவனுக்குத் தாடையில் குண்டு பாய்ந்தது. இதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். டாக்டர் வேறொருவனின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார். புருஷனை வராந்தாவில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் ரத்தம் அவன் தொண்டைக்குள்ளேயே இறங்கி, கொரகொரவென்று சத்தம் வந்து, பிறகு அடங்கியது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வழக்கப்படி விதவையைக் கொழுந்தன் லொகுரே ஏற்றுக்கொள்ள வந்தான். அவள் மாட்டேன் என்றுவிட்டு, மிஷன்காரர்கள் நடத்திய நர்ஸ் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒருநாள், தாடையில் காயம்பட்டவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ரத்தம் வெளியே வடிந்துவிடும், ஆள் மூச்சு விடுவான் என்று பாடம் நடத்தினார்கள். அவள் எழுந்து வெளியே போய் ஜன்னல் கண்ணாடியில் முஷ்டியால் குத்தினாள். கை கிழிந்து எலும்பு தெரிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். இதை என்னிடம் சொன்னவள் அவளேதான். சொல்லும்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

லொகுரே அவளை மன்னிக்கவில்லை. சந்தையில் பார்த்தால், "என்ன அண்ணி, இன்னைக்கு எத்தனை பேரைத் தின்னீங்க?" என்று எல்லோரும் கேட்கும்படி சத்தமாகக் கேட்பான். அவளும் விடமாட்டாள். "உனக்குன்னு ஒரு கட்டில் காலியா வச்சிருக்கேன் தம்பி, சீக்கிரம் வா" என்பாள்.

அந்தக் கோடையில் மழை பொய்த்து, மேய்ச்சலுக்கு எல்லோரும் ஒரே ஆற்றுப்படுகையில் வந்து குவிந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் விடியற்காலையில் லொகுரேயின் பட்டிக்குள் புகுந்தார்கள். வேலியை உடைத்து மாடுகளை ஓட்டினார்கள்; எதிர்த்தவர்களைச் சுட்டார்கள். நான் வண்டியோடு போனபோது பட்டி வாசலில் ஒரு கன்றுக்குட்டியும் இரண்டு மனிதர்களும் ஒன்றாகச் செத்துக் கிடந்தார்கள். லொகுரேயின் மூத்த மகன் அச்சியாவுக்கு அடிவயிற்றில் குண்டு. குடல் வெளியே வந்திருந்தது. அவன் அம்மாவின் ஈர மேல்துணியால் அதைச் சுற்றிக் கட்டி ஏற்றினோம்.

நான் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது ராணுவ லாரியும் வந்து நின்றது. அதில் கொள்ளைக்காரர்களில் ஒருவன் கிடந்தான். பெயர் லொமுரியா. அச்சியா வயசுதான் இருக்கும். நெஞ்சில் வலப்பக்கம் குண்டு. கையில் இன்னும் மாடு ஓட்டும் விசிலை இறுக்கிப் பிடித்திருந்தான்.

தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்திருந்த டாக்டர் இளவயசுக்காரர், கெட்டிக்காரர். அச்சியாவின் கிழிந்த குடலை வெட்டித் தைத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் லொமுரியாவின் நெஞ்சுக்குள் குழாய் விட்டு, தேங்கியிருந்த ரத்தத்தைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் வடியவிட்டார். நுரையீரல் நசுங்கிப்போயிருப்பதால் சில நாள் அவனுக்காக நாம்தான் மூச்சு விட வேண்டும், பிறகு அவனே விட்டுக்கொள்வான் என்றார். இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். அந்த இரண்டு கட்டிலுக்குத்தான் மெஷின்கள் இருந்தன.

லொமுரியாவுக்குப் பை அமுக்க வீட்டார் யாரும் இல்லை. மலை தாண்டி யார் வருவார்கள்? வார்டில் இருந்த மற்றவர்களை நாபெயொக் கேட்டாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருவன் காறித் துப்பினான். அவளும் இன்னொரு நர்ஸும் நானும் மாற்றி மாற்றி அமுக்கினோம். என் சித்தப்பாவைக் கொன்றதும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். அதை அவளிடம் சொன்னேன். "சரி, அமுக்கிக்கிட்டே சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் பிற்பகல் லொகுரே வந்தான். கூட அவன் பங்காளிகள் இரண்டு பேர். வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாயின் மண்டையில் தடியால் ஒரே அடி; அவன் சாய்ந்தான். உள்ளே வந்த லொகுரே முதலில் மகனைப் பார்த்தான். அச்சியா மூக்கில் ஆக்சிஜனோடு கண்ணைத் திறந்து அப்பனைப் பார்த்தான். பிறகு லொகுரே அடுத்த கட்டிலைப் பார்த்தான். அங்கே நாபெயொக் பையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"கையை எடுங்க அண்ணி. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், கையை மட்டும் எடுங்க. அது தானா நின்னுடும்."

"எடுக்க மாட்டேன்."

"என் அண்ணனைக் கொன்னவங்க இவனுங்க."

"உன் அண்ணனைக் கொன்னது குண்டு இல்லடா. மல்லாக்கப் படுக்கவச்சு நாம எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தோமே, அது."

அவன் தடி இறங்கியது. அவள் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. ஒரு கை தொங்கிப்போனது. மற்றக் கையால் பையைத் தொடையோடு சேர்த்து வைத்து அமுக்கினாள். நான் லொகுரேயின் மேல் பாய்ந்தேன். ஒருவன் என்னை வயிற்றில் உதைத்துத் தள்ளினான். அதற்குள் மற்றொரு பங்காளி தான் போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்து லொமுரியாவைக் குறிவைத்தான். அவன் கள் போதையில் இருந்தான். குண்டு கட்டிலைத் தாண்டிப் போய் அச்சியாவின் ஆக்சிஜன் மெஷினில் பாய்ந்தது. மெஷின் கிறீச்சிட்டு நின்றது.

வாசலில் விழுந்திருந்த சிப்பாய் முழங்காலில் எழுந்து சுட்டான். வெளியே ஓடப் பார்த்த துப்பாக்கிக்காரன் வாசற்படியிலேயே விழுந்து செத்தான். என்னை உதைத்தவன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான். வார்டு முழுக்கப் புகை. ஒரு கிழவி கட்டிலுக்கடியில் புகுந்து முனகிக்கொண்டிருந்தாள்.

அச்சியாவின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. லொகுரே தடியைப் போட்டுவிட்டு அவன் முகத்தைத் தட்டினான். "அண்ணி, இவன் மூச்சு... அண்ணி" என்றான்.

அவள் லொமுரியாவின் பையிலிருந்து ஆக்சிஜன் குழாயைக் கழற்றி லொகுரேயிடம் நீட்டினாள். கொஞ்ச நேரத்துக்கு வெறுங்காற்றே லொமுரியாவைத் தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். "இதை உன் மகன் மூக்குல மாட்டு. அலமாரியில இன்னொரு பை இருக்கு, முகமூடியோட எடு. மூக்கும் வாயும் மூடுற மாதிரி வச்சு அமுக்கு. டிரைவர், ஆபரேஷன் அறையில சிலிண்டர் இருக்கு, ஸ்பேனரோட கொண்டுவாங்க."

நான் முற்றத்தைக் கடந்து ஓடினேன். சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தபோது வாசற்படியில் செத்தவன் குறுக்கே கிடந்தான். நகர்த்த நேரமில்லை. அவன் மேலேயே ஏற்றி இறக்கினேன். உள்ளே, அடித்தவனும் அடிபட்டவளும் அடுத்தடுத்த கட்டிலில் நின்று ஆளுக்கொரு பையை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சிப்பாய்கள் லொகுரேயைப் பிடித்துக்கொண்டு போக வந்தபோது அவள் விடவில்லை. "இவன் கை எனக்கு வேணும். அப்புறமா வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். டாக்டர் அவள் தோளை எட்டு வடிவில் துணி சுற்றிக் கட்டினார். வலிக்கு ஊசி போட்டுப் படுக்கச் சொன்னதற்கு, தூங்கிவிடுவேன் என்று மறுத்துவிட்டாள்.

அச்சியாவுக்குக் காய்ச்சல் ஏறியது. வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் மறுபடி திறந்து கழுவினார். இருந்த மருந்தெல்லாம் கொடுத்தார்கள். கடைசியில் அவனுக்கும் தொண்டையில் குழாய் போட்டு, லொகுரேயே அமுக்கினான். சாப்பிட மாட்டான், அவன் மனைவி சோளக் களியை உருட்டி அவன் வாயில் ஊட்டுவாள், அமுக்கிக்கொண்டே விழுங்குவான். பக்கத்தில் லொமுரியா தேறிக்கொண்டு வந்தான். ஒரு காலையில் அவன் குழாயை எடுத்துவிட்டார்கள். இருமினான், தண்ணீர் கேட்டான்.

அன்றைக்கே அச்சியாவின் இதயம் நின்றது. டாக்டர் நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். லொகுரே நிறுத்தவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தான், செத்த பையனின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அவன் மனைவி அலறினாள். நாபெயொக் போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து பிரித்தாள். அவன் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். வாங்கிக்கொண்டு மீதி விரல்களையும் பிரித்தாள்.

அவன் எழுந்தான். நேராக லொமுரியாவின் கட்டிலுக்குப் போய் அவன் வாயையும் மூக்கையும் உள்ளங்கையால் பொத்தி அழுத்தினான். லொமுரியாவுக்குக் கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டன. நான் கட்டிலைச் சுற்றி ஓடி வருவதற்குள் நாபெயொக் சிலிண்டர் ஸ்பேனரை எடுத்து லொகுரேயின் மணிக்கட்டில் முழு பலத்தோடு இறக்கினாள். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இன்னொரு முறை ஓங்கினாள், தேவைப்படவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்பேனரை வைத்துவிட்டு லொமுரியா மூச்சு விடுகிறானா என்று பார்த்தாள். பிறகு கிண்ணமும் மரச்சட்டமும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு வந்து, ஒற்றைக் கையோடு லொகுரேயின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"கையை நீட்டு" என்றாள்.

அவன் நீட்டினான். ரத்தத்தைக் கழுவி, டாக்டர் வந்து எலும்பை இழுத்து வைக்கும்வரை மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவன் மகனுக்காக அழுதான். அவள் மடியில் கை இருந்தபடியே, குனிந்து, மாடு கத்துவது மாதிரி அழுதான். அவளும் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லொகுரே சிறைக்குப் போய் வந்தான். மணிக்கட்டு வளையாமல் இறுகிப்போனது. துப்பாக்கி பிடிக்க முடியாது. அவனை மேற்கொண்டு யாரையும் கொல்ல விடாமல் செய்யத்தான் அவள் அங்கே குறிபார்த்து அடித்தாள் என்று சந்தையில் ஒரு பேச்சு. நான் கேட்டேன். "வேணும்னேதான் அடிச்சேன். ஆனா அவ்வளவு தூரம் யோசிக்க அப்ப எங்க நேரம்?" என்றாள். அவன் அதற்குப் பிறகு அவளைக் கிண்டல் செய்ததில்லை. பேசியதும் இல்லை. அவன் மனைவி மட்டும் எப்போதாவது மோர்க்குடுக்கையை வார்டு வாசலில் வைத்துவிட்டுப் போவாள்.

லொமுரியாவையும் தேறியதும் சிறையில் போட்டார்கள்; அவனும் வெளியே வந்தான். அடுத்த கோடையில் மறுபடி மாடு கொள்ளையடிக்கப் போனான். ஆற்றுப்படுகையில் செத்துக் கிடந்தவர்களை எண்ணப் போன லாரியில் நானும் இருந்தேன். முகம் பார்த்து அடையாளம் சொன்னேன். திரும்பி வந்து அவளிடம் சொன்னபோது அவள் ஒரு பிரசவக்காரிக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க பட்டுச்சு?"

"தலையில, சிஸ்டர்."

ரத்தம் சொட்டும் வேகத்தைச் சரிபார்த்தாள். "நெஞ்சுக் காயம் நல்லா ஆறியிருந்துச்சா?" என்று கேட்டாள்.

ஆறித்தான் இருந்தது. சட்டையை விலக்கிப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். தலையசைத்துவிட்டு, பிரசவக்காரியின் புருஷனைக் கூப்பிட்டு, ரத்தப் பையைத் தாங்கிப் பிடிக்கக் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள்.