ஆனைமலைக்காரியின் கம்பு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்கு ஓடினேன். விடியற்காலைத் தூறலில் கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்திருந்தது. அள்ளிக்கொண்டு இறங்கும்போது ஈரப் பனியன் வாசம் மூக்கில் ஏறியது...

அவ்வளவுதான். காபி கொதிப்பதற்குள் மனசு காலேஜ் கிரவுண்டுக்குப் போய்விட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. கம்பை ஊன்றி உயரம் தாண்டும் போல்வால்ட், பெண்களுக்கு எங்கள் பக்கம் அப்போதுதான் தலைகாட்டியது. தாண்டி விழுவதற்கு மெத்தை ஏது? திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் துணி வரும். சாக்குகளில் அடைத்து அடுக்கி, மேலே தார்ப்பாயைக் கட்டினால் அதுதான் மெத்தை. மழை பெய்துவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துக் காயப்போட வேண்டும். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கிரவுண்டே தேர்த்திருவிழாக் கடை மாதிரி இருக்கும்.

கம்பு ஒன்றே ஒன்று. பக்கத்து ஆண்கள் காலேஜ் கழித்துக் கொடுத்தது. எவ்வளவு எடையுள்ள ஆளுக்கான கம்பு என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். எங்கள் கம்பு கேட்ட எடைக்கு நான் ரொம்பக் குறைவு.

பி.டி. மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பு நல்லாத்தான் இருக்குது. ஆளுதான் பத்தல. நல்லாத் தின்னு அம்மணி."

ஆளுக்குத் தகுந்த கம்பைத் தேடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். கம்புக்குத் தகுந்த ஆளாக மாறக் கிளம்பினேன்.

அம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யைக் கிண்ணத்தோடு கவிழ்ப்பார். பக்கத்து வீட்டு அக்காவிடம், "மாப்ள ஊட்ல பாக்க வாரப்ப புள்ள கொஞ்சம் பூசுனாப்டி இருக்கோணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை. இன்னொரு கரண்டி நெய் கேட்டேன்!

எடை கொஞ்சம் ஏறியது. ஓட்டம் மந்தமானது. கம்பு மட்டும் அப்படியே விறைப்பாக இருந்தது.

போல்வால்ட் பார்க்கிறவர்கள் மேலே குறுக்கே இருக்கும் பாரைப் பார்ப்பார்கள். தாண்டுகிறவளுக்கு எல்லாமே கீழே, கடைசி இரண்டு எட்டில்தான். இடுப்பருகே இருக்கும் கை காதை உரசிக்கொண்டு மேலே போக வேண்டும். கம்பின் நுனி தரையிலுள்ள பள்ளத்தில் இறங்க வேண்டும். அதே நொடியில் இடது கால், உயர்த்திய வலது கைக்கு நேர் கீழே தரையை உதைக்க வேண்டும். ஓட்டத்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு கம்பு வளையும். வளைந்தது நிமிரும்போது நம்மையும் தூக்கிக்கொண்டு போகும்.

என் கம்பு வளையாது. தோள்பட்டையில் ஓர் அறை அறைந்து, வந்த வழியிலேயே என்னைத் திருப்பி எறியும்.

இரண்டு மூன்று தடவை அப்படி விழுந்த பிறகு உடம்பு தானாக ஒரு தந்திரம் கற்றுக்கொண்டது. கடைசி எட்டு வரும்போது கால் நின்றுவிடும். எத்தனை திட்டினாலும் கேட்காது. கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சாக்கு மூட்டைமேல் கையை ஊன்றி மூச்சு வாங்குவேன்.

இன்டர் காலேஜ் மீட்டுக்கு முன்னால் மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஒரே ஒரு ஹைட்டாச்சும் தாண்டிப் போடு. இல்லாட்டி டீம்லிருந்து உம்பேர எடுத்துப் போடுவாங்க. நானும் எத்தன நாளைக்கும்மா பதில் சொல்றது?"

எனக்கு அப்போது கம்போடு ஓடும் அந்த ரன்வேயைத் தவிர என்னுடையது என்று சொல்ல எதுவும் இல்லை. படிப்பு அப்பா தேர்ந்தெடுத்தது. இது மட்டும்தான் நானாகப் பிடித்தது.

மீட்டில் முதல் முயற்சி... நின்றுவிட்டேன். இரண்டாவதும் அப்படியே. இனி ஒன்றுதான் பாக்கி.

ஓரமாக உட்கார்ந்து அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கடுத்துத் தாண்ட இருந்த பிரேமா பக்கத்தில் வந்து நின்றாள். ஆனைமலைக்காரி. மாமாவின் தேங்காய் லாரிமேல் தன் கம்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க, அது யாரு கம்புங்க?"

"காலேஜ் கம்புங்க."

"அது ஆம்பளைக கம்பு. எருமத் தும்புக் கயித்துல கோழியக் கட்டி வெச்சாப்டி இருக்குது, போங்க. இந்தாங்க, என்னோடத எடுத்துக்கங்க."

"உங்களுக்கு இன்னும் குதிக்க இருக்குதுங்களே... ஒடஞ்சுபோச்சுன்னா?"

"எனக்கே ஒடையல. நீங்க என்னைய விட எளச்சுத்தான இருக்கறீங்க."

அவ்வளவு நெய் குடித்தவளைப் பார்த்து!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் கம்பை வாங்கினேன். நகரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "பயந்துட்டு நின்னுபோடாதீங்க! காலு தானா எந்திரிக்கும்!"

ஓடினேன். கை மேலே போனது. கால் உதைத்தது. தோளில் அந்த அறை விழவில்லை. அதற்குப் பதில் கம்பு மெதுவாக, வேண்டியவர்கள் தலையாட்டுவது மாதிரி வளைந்தது... தரை எங்கேயோ போய்விட்டது.

இருந்ததிலேயே குறைந்த உயரம்தான். அடுத்த உயரத்தில் நான் அவுட். முதல் பரிசு பிரேமாவுக்கு. "பேரு இருக்குது, போ" என்றார் மேடம். அந்த ஒரு வரிக்காகப் பஸ்ஸில் வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

இப்போது ஆபீஸ் விட்டதும் நான் வாக்கிங் போகும் கிரவுண்டில் ஓர் அறை அகலத்துக்கு ஃபோம் மெத்தை கிடக்கிறது. கம்புகள் எடைவாரியாக வரிசையில் இருக்கின்றன. பெண்பிள்ளைகள் வந்து, "எனக்கு அதுக்கு அடுத்தது குடுங்க சார்" என்று கேட்டு வாங்குகிறார்கள். கம்பு வளையவில்லை என்றால் கம்பை மாற்றுகிறார்கள். எவ்வளவு சாதாரணமாக!

நான் பல வருஷம் ஆபீஸிலும் வீட்டிலும், எது வளையாவிட்டாலும் என் எடையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கு அந்தப் பழைய ஆண்கள் கம்பு எனக்குக் கச்சிதமாக இருக்கும் என்பது வேறு விஷயம்...

ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டம் இருக்காது. என் எடைக்கு ஒரு கம்பு கேட்கப்போகிறேன். பார் வைக்க வேண்டாம். பிடியைத் தாழ்வாக வைத்து, சின்ன ஓட்டம். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, ஹாஸ்டலில் இருக்கும் மகளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்கு என் முழங்கால் வலி ஞாபகத்துக்கு வரும்.