ஏற மறுத்த படகு

என் மனைவியின் அண்ணன் ஹந்தானைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடம் எஞ்சின் பார்த்தவர். தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டில் படுத்தே கிடந்தார். தெல்தெனியாப் பக்கம் நீர்த்தேக்கக் கரையில் ஓர் ஓய்வு விடுதியில் கழித்துப்போட்ட பழைய மோட்டார் படகு இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றுதான் மறுபடி சவரம் செய்துகொண்டு வெளியே கிளம்பினார். நீர்த்தேக்கம் பார்க்க வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்றுக் காட்டலாம் என்பது அவர் எண்ணம். கண்டி மாநகரசபையில் கிளார்க்காக இருந்த நான் கூட்டாளி.

படகின் பின்னால் மாட்டியிருந்தது பதினைந்து குதிரைச் சக்தி மோட்டார். அதுவும் கிழடு. இப்படிப்பட்ட படகு வேகம் பிடித்ததும் முன்பக்கம் தணிந்து, தண்ணீரை விட்டு மேலே எழும்பி, வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். மச்சான் அதை 'ஏறுறது' என்பார். எங்கள் படகு ஏறவில்லை. முழு வேகம் கொடுத்தால் மூக்கை வானத்துக்குத் தூக்கி, பின்பக்கத்தைத் தண்ணீரில் புதைத்து, கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லொறி மாதிரி முனகியது.

"எஞ்சின் பத்தாது மச்சான்."

"எஞ்சின் போதும் மாப்புள. பாரம்தான் எடம் தப்பி இருக்கு."

தனியாக ஓட்டினால் ஏறத்தான் செய்தது. ஒரே ஆளுக்கு எதற்குப் படகு என்று அவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு பேரைத் தூக்கினால் பிறகு நாலு பேரைப் பார்க்கலாம் என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஞாயிறுதோறும் பஸ் ஏறினோம். பெட்ரோல் தாங்கியை முன்னால் நகர்த்தினோம். மோட்டாரின் சாய்வை மாற்ற அதன் ஆணியைத் துளை துளையாக மாற்றிக் குத்திப் பார்த்தோம். எங்கிருந்தோ வேறொரு புரொப்பெல்லர் கொண்டுவந்து பூட்டினார். சத்தம் கூடியது, படகின் மூக்கு கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். கடைசியாகத் தரைப்பலகையைக் கழற்றினார். அடியில் அடைத்திருந்த நுரைப்பஞ்சு வருடக்கணக்காகத் தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்தது. இரண்டு ஞாயிறு அதை வாரி வெளியே கொட்டினோம். இடையிடையே அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். பெல்ட்டில் ஆணியால் புதுத் துளைகள் போட்டிருந்தார். பார்த்தேன். வெயிலில் அலைகிறார், இளைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, மேகம் மூடிய காலையில், இருவரும் ஏறினோம். மூக்கு எழும்பியது, முனகியது, பிறகு மெதுவாகத் தணிந்தது. படகு சட்டென்று லேசானது. அடியில் தண்ணீர் தட்டும் சத்தம் மாறியது.

"ஏறிருச்சு! மச்சான், ஏறிருச்சு!"

அவரும் சிரித்தார். அணை கட்டியபோது பழைய தெல்தெனியா ஊர் முழுகிய இடத்தைத் தாண்டி அக்கரை வரை ஓடினோம். அங்கே எஞ்சினை நிறுத்தச் சொன்னார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"பஞ்சு மட்டுமில்ல மாப்புள. போன வருஷம் நான் தொண்ணூறு கிலோ. புதன்கிழமை ஆஸ்பத்திரியில நிறுத்துப் பாத்தாங்க, அறுபத்தி மூணு."

"என்னான்னு சொன்னாங்க?"

"வயித்துல கட்டி. ஈரல் வரைக்கும் பரவிருச்சாம்." தண்ணீரில் கையை அலம்பினார். "தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க. அழுது அழுது என்னய வீட்டுலயே வச்சிரும்."

நான் சொல்லவில்லை. இன்னும் ஐந்து ஞாயிறு போனோம். ஒருவரையும் ஏற்றவில்லை. ஒவ்வொரு முறையும் படகு முன்னையைவிடச் சுலபமாக ஏறியது. எனக்குத்தான் முழு வேகம் கொடுக்கக் கை வரவில்லை. ஆறாவது ஞாயிறு அவரால் தோட்டத்து லயத்து வீட்டுப் படி இறங்க முடியவில்லை. அப்போதுதான் என் மனைவிக்குத் தெரிந்தது. பதினோரு நாள் அவள் அண்ணனின் தலைமாட்டில் இருந்தாள்.

காரியம் முடிந்த அன்று என்னிடம் கேட்டாள்:

"தெரிஞ்சுகிட்டேதான் அவரக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"அவருதான் சொல்ல வேணாம்னாரு."

"எனக்குப் பதினோரு நாள். உங்களுக்கு ரெண்டு மாசம்."

படகைக் கரையிலேயே விட்டுவிட்டேன். மழைக்கு நீர் உயர்ந்தபோது அடித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அவள் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை. அண்ணனுக்குத் திவசம் கொடுக்கும் நாளில் மட்டும், எனக்கு இலை போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் பரிமாறுகிறாள்.