நான்கு ராத்தல் குறைந்த தராசு

விமானத்தின் எடையைக் கணக்கிடுவது என் தொழில். எவ்வளவு என்பது அதில் பாதிதான். அந்த எடை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது மீதி. வால் பக்கம் பளு கூடினால் மூக்கு தானாக மேலே எழும், விமானி என்ன செய்தாலும் இறங்காது. எதை ஏற்றுவது, எங்கே கட்டுவது என்பதில் என் சொல்தான் முடிவு.

மலாயாவில் வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலத்தில், கோலா பிலாவிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு வேலை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் சாலையில் லாரிகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மலைக்கு அப்பாலிருந்த தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி வேலி போட உத்தரவு வந்தபோது, பத்து முள்கம்பிச் சுருள்களைக் கம்பெனியின் சிறு விமானத்தில்தான் அனுப்ப முடிந்தது. நிறுக்க இருந்தது ஒரே தராசு: தொழிலாளர் கொண்டுவரும் ரப்பர் பாலைக் கூலி கணக்கிடுவதற்காகத் தோட்டக் குமாஸ்தாவான கிராணி எடைபோடும் தூக்குத் தராசு.

அறியாத தராசை நான் நம்புவதில்லை. நான்கு கேலன் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் நிரப்பிக் கொக்கியில் மாட்டினேன். தண்ணீர் நாற்பது ராத்தல், டின் இரண்டு. முள் முப்பத்தெட்டில் நின்றது.

"நாலு குறையுதே," என்றேன்.

கிராணி சிரித்தார். "குறையல சார். பால்ல தண்ணி கலக்குதுங்க, மழைத்தண்ணி வேற. அதுக்குத்தான் நாலு. எப்பவும் உள்ள வழக்கம் லா."

"இப்ப தொங்குறது பால் இல்ல. வெறும் தண்ணி."

பால் வாளிகளோடு நின்ற வரிசையின் முன்னாலிருந்த பெண் பின்னால் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "கேட்டீங்களாடி? தண்ணியிலயும் தண்ணி கலந்துருச்சாம்!"

சிரிப்புச் சத்தம் கேட்டுத் தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரை வந்தார். அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். "நீ மனசுல நாலு கூட்டிக்கோ. தராசை விடு."

கூட்டியிருக்கலாம். விமானத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மறுநாளும் அந்த முள் அங்கேதான் நிற்கும். விமானத்துக்கே இதில்தான் நிறுத்தோம் என்று இந்தப் பெண்களிடம் சொல்வார்கள். அதற்கு என் பெயர் சாட்சியாக இருக்கும்.

"முள்ளைத் திருப்புங்க, ஏத்துறேன். இல்லன்னா ஏத்த மாட்டேன்," என்றேன்.

துரை விமானியைப் பார்த்தார். விமானி, என் கணக்கு இல்லாமல் கிளம்ப முடியாது என்று தலையசைத்தார். மேற்கே மழை கருத்துக்கொண்டிருந்தது. துரை கிராணியிடம் கையைக் காட்டினார். கிராணி திருகாணியைத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்கய்யா, கை வலிக்குதா?" என்றாள் அந்தப் பெண்.

முள் நாற்பத்திரண்டைத் தொட்டதும் நிறுத்தச் சொன்னேன். சுருள்களை நிறுத்து ஏற்றினோம். பிறகு அதே தராசில் பெண்களின் பால் வாளிகளும் ஏறின. ஒவ்வொருத்தியும் முள்ளைத் தானே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

துரை என்னிடம் வந்தார். "உனக்கு இங்க இனிமே வேலை இல்ல. இந்தப் பிளேன்லயே ஏறிப் போயிடு."

சரி என்றேன். கொக்கியைப் பிடித்துத் தொங்கி, என் எடையைப் பார்க்கச் சொன்னேன். அதற்கு ஈடாக மூன்று சுருள்களை விமானத்திலிருந்து இறக்கிப் புல்லில் வைத்தேன். விமானிக்குப் பக்கத்தில் நான் உட்காரப் போவதால், மீதி ஏழையும் கொஞ்சம் பின்னால் நகர்த்திக் கட்டினேன்.

"மூணு சுருள் இல்லாம வேலி எப்படிப் போடுறது?" துரை கத்தினார்.

"என்னை இங்கேயே வச்சுக்கிட்டா மூணும் போகும்," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.