கல்லில் ஏற வேண்டிய பெயர்

காற்று இல்லை இது. காற்றென்றால் தாளைத் தூக்கி எறியும். இப்படிக் கவிழ்த்துப் போட்டு, மேசை விளிம்போடு ஓரத்தை ஒட்டவைத்துவிட்டுப் போகாது.

யூனிஸ் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் கேட்க ஆளும் இல்லை.

கேட்கிறவர்கள் சிரிக்கலாம். நடந்தது நடந்ததுதான். போன வருஷம் மே பதினாலு, புதன்கிழமை, பாளையங்கோட்டையில், வெயில் கொளுத்துகிற பிற்பகல் மூன்று பத்துக்கு. யூனிஸ் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். இல்லாததை உண்டு என்று சொல்லுகிற ஆள் இல்லை.

கவிழ்ந்து கிடந்தது, ராணுவ ஆவண அலுவலகத்துக்கு அவள் எழுதியிருந்த விண்ணப்பம். அவளுடைய தாத்தா அப்பாத்துரையும் அவருடைய அண்ணன் கிருபைராஜும் தாய் தகப்பனை இழந்து, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தவர்கள். இங்கே அவர்களை முன்பின் தெரிந்தவர் யாருமில்லை. கிருபைராஜ் இரண்டாம் உலகப் போருக்குப் போனார், திரும்பவில்லை. அப்படித் திரும்பாத ஐந்து பேரின் பெயர் வெட்டிய கல் கோயில் சுவரில் இருக்கிறது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் அவற்றை வாசிப்பார். பெயர் வரும்போது அந்தக் குடும்பம் எழுந்து நிற்க வேண்டும். கிருபைராஜ் பெயர் வருவதற்குள் தாத்தா வெளியே போய்விடுவார். அண்ணன் போன துக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். தாத்தா இறந்தும் முப்பத்துநாலு வருஷம் ஆகிவிட்டது.

இப்போது கல் விரிசல் கண்டுவிட்டது. புதுக் கல் வெட்டப் போகிறார்கள். படை எண்ணும் இறந்த தேதியும் காகிதத்தோடு வந்தால்தான் பெயர் ஏறும், இல்லாவிட்டால் விடுபடும் என்று சபைக் கமிட்டி சொல்லிவிட்டது. நாலு குடும்பங்கள் கொடுத்தாயிற்று. பிள்ளை குட்டி இல்லாமல் செத்தவருக்காக யார் அலைவார்கள்? யூனிஸ் நான் அலைகிறேன் என்றாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். தனக்குப் பிறகு தன் பெயரை யார் சொல்லப்போகிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு அவ்வப்போது வந்து போகும். அதனாலேயே முகம் தெரியாத அந்த மனிதர் அவளுக்கு நெருக்கமாகிப் போனார்.

தாளை நிமிர்த்திப் போட்டாள். மூன்று இருபத்தைந்துக்குக் காபி போடப் போனாள். திரும்பி வந்தால்... மறுபடியும் கவிழ்ந்து கிடந்தது. திறந்து வைத்த பேனா மூடியிருந்தது.

அடுத்த வீட்டில் இருக்கிற சாலோமி சித்தியிடம் சொன்னாள். சித்தி முதலில் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பகல்ல வந்து பேனாவ மூடி வைக்க பேயா? நல்ல பேயால்லா இருக்கு. எங்க வீட்டுக்கும் அனுப்பிவிடு ஏட்டி, ஒங்க சித்தப்பா ஒன்னையும் மூட மாட்டேங்காரு."

யூனிசும் சிரித்தாள். மறுநாளும் தாள் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை, 'கிருபைராஜ்' என்ற பெயரில் மட்டும் மை கலைந்திருந்தது. ஈர விரலால் தேய்த்தது போல.

பயம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. எதையாவது செய்யக்கூடாது என்று யாராவது சொன்னால் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வருகிற கோபம். புதுத் தாள் எடுத்து, ஒன்றுக்கு மூன்றாக எழுதினாள். மூன்றையும் மேசையில் பரப்பினாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

வா, பார்த்துவிடலாம்.

மூன்று பத்து. ஃபேன் ஓடியது. தாள் அசையவில்லை.

டக்... டக்.

தகர டப்பியின் மூடியை நகத்தால் இரண்டு தரம் தட்டுகிற சத்தம். பிறகு மூக்குப்பொடி நெடி.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பதினாறு வயது வரை தினமும் கேட்டது.

தாத்தா.

வந்தால் போரில் செத்தவர்தான் வருவார் என்று நினைத்திருந்தாள். இவர் ஏன்...? தாள்களை அள்ளிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தபால் ஆபீசுக்கு நடந்தாள்.

ஜூலை ஐந்து, சனிக்கிழமை, பதில் வந்தது. பதினோரு பக்க நகல்.

படையில் சேர்ந்த தாளில் பெயர் கிருபைராஜ், வயது இருபத்தொன்று. வயதுக்கு ஆதாரம், சபை கொடுத்த ஞானஸ்நானச் சான்று. கீழே தமிழில் கையெழுத்து. 'அப்பா' என்று எழுதத் தொடங்கி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கிருபைராஜ்'.

அந்த அடித்தலையே வெகுநேரம் பார்த்தாள்.

ஆறாம் பக்கத்தில் விளங்கியது. 1944 ஆகஸ்ட். அசாமில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. காலில் குண்டுக் காயம் அழுகிக் கிடந்த சிப்பாய் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறான். நான் கிருபைராஜ் இல்லை, அது என் அண்ணன். என் பெயர் அப்பாத்துரை, வயது பதினேழு. வயது பத்தாததால் அண்ணனின் ஞானஸ்நானச் சான்றைக் காட்டிச் சேர்ந்தேன். என் பள்ளிக்கூடச் சான்று அண்ணனிடம் இருக்கிறது. நான் செத்தால் என் சொந்தப் பெயரில் சாக வேண்டும். வீட்டுக்கு எழுதிக் கேளுங்கள்.

அப்படியானால் வீட்டில் இருந்தது... கிருபைராஜ். தம்பியின் சான்றைக் காட்டி வாத்தியார் வேலையில் சேர்ந்து, தம்பியின் பெயரில் கல்யாணம் முடித்து, அதே பெயரில் கல்லறையில் படுத்திருக்கிற அவளுடைய தாத்தா.

அதிகாரி எழுதிக் கேட்டிருக்கிறார். பதிலும் போயிருக்கிறது. கடைசிப் பக்கம் அதுதான். கரும்பலகையில் எழுதியது போன்ற தாத்தாவின் முத்து முத்தான எழுத்து.

'அப்பாத்துரை ஆகிய நான் வீட்டில் சுகமாக இருக்கிறேன். அங்கே இருப்பவர் என் அண்ணன். காய்ச்சலில் பிதற்றுகிறார்.'

ஓரத்தில் அதிகாரியின் குறிப்பு. நோயாளிக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதற்குப் பின் அவர் யாரிடமும் பேசவில்லை. ஒன்பதாம் நாள் மரணம்.

யூனிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போன தாத்தா. அவளுக்குக் காய்ச்சல் என்றால் தூங்காத தாத்தா.

டக்... டக்.

பின்னால். மிக அருகில்.

நாற்காலியின் முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது.

நெடி.

கமிட்டிக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தை இழுத்தாள். பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்தாள். மணிக்கட்டில் ஈரமான, குளிர்ந்த விரல்கள்... ஒன்று... இரண்டு... ஐந்து.

"கிழிச்சிரு, பிள்ளே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒங்க அப்பன் பேருக்கு முன்னால இனிஷியலா நிக்கது அந்தப் பேருதான். கிழிச்சிரு."

கட்டளை இல்லை அது. கெஞ்சல். அதுதான் தாங்க முடியவில்லை.

விரல்கள் இறுகின. எலும்பு வலித்தது. அந்த வலியோடே பைய எழுதினாள். அ. ப். பா. த். து. ரை.

"மாட்டேன் தாத்தா," என்றாள் மெதுவாக. "அவனுக்கு வயசு பதினேழு."