ரிவர்ஸ் எடுக்காத டிரைவர்

ஏழுமலையின் கேஸ் "காஸ்மெட்டிக்" என்று திரும்பி வந்த அன்று, எனக்கு வந்த கோபத்தில் ஃபேக்ஸ் பேப்பரைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். அப்புறம் நானே எடுத்து, நீவி, ஃபைலில் வைத்தேன். ரிஜெக்‌ஷன் பேப்பர் இல்லாமல் அப்பீல் போட முடியாதே!

இரண்டாயிரங்களில் திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்தேன். பில் போடுவது, டாக்டர் எழுதும் நோய்க்கு ஐ.சி.டி. பட்டியலில் உள்ள குறியீட்டு எண்ணை, எங்கள் பாஷையில் 'கோடு', போடுவது, கம்பெனியிடம் அனுமதி வாங்குவது என் வேலை. இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் இரண்டெழுத்து தட்டினால் கோடு வந்து நிற்கிறது. நாங்கள் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரர். ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர். வண்டி சூடேறி நின்றபோது அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்க, கொதிநீர் பீறிட்டு வலது கழுத்திலும் தோளிலும் அடித்துவிட்டது. புண் ஆறியது. ஆனால் ஆறியதோடு சதை நிற்கவில்லை. தடித்து வளர்ந்து, காதுக்குக் கீழிருந்து தோள்வரை முறுக்கிய கயிறு போல இழுத்துப் பிடித்துக்கொண்டது. இதற்குப் பெயர் கெலாய்டு. கோடு L91.0.

இதில் ஒரு வம்பு உண்டு. கம்மல் குத்திய காதில் உருண்டையாகச் சதை வளர்ந்து, அழகுக்காக அதை எடுக்க வரும் பெண்ணுக்கும் அதே கோடுதான். வெறும் கோடு மட்டும் போனால் கம்பெனிக்காரன் "அழகு சிகிச்சை, பணம் கிடையாது" என்று கைகழுவிவிடுவான். வலிக்கிறது, அசைக்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். எங்கள் சர்ஜன், கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தார். அதைச் சரிபார்க்கக் கம்பெனியின் டாக்டர் வேலூரிலிருந்து வந்தார்.

"கழுத்தைத் திருப்ப முடியுதா?"

"திருப்பலாம் சார்."

"வலி இருக்கா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல சார். நல்லாத்தான் இருக்குறேன்." சொல்லிவிட்டு, இடுப்போடு உடம்பையே திருப்பிக் காட்டினார் மனிதர். டாக்டர் அதையே எழுதிக்கொண்டார்.

ஃபேக்ஸ் வந்ததும் அவரைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினேன். "இன்னாண்ணா நீங்க? இருக்குறத இருக்குன்னு சொல்றதுக்கு இன்னா?"

பெஞ்சைப் பார்த்தபடி சொன்னார். "பாலிசி ஸ்கூல்ல எடுத்தது மேடம். கழுத்து திரும்பலன்னு எழுதுனா அந்தப் பேப்பர் அங்கயும் போவும். கழுத்து திரும்பாத டிரைவர்கிட்ட யாரு வண்டி குடுப்பாங்க? ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க."

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஆபரேஷன் கிடையாது. சொந்தக் காசில் செய்துகொள்ள அவருக்கு வழியில்லை.

"அப்ப ரிவர்ஸ் எப்படித்தான் எடுக்குறீங்க?"

"எடுக்குறதே இல்ல மேடம்." சிரித்தார். "முட்டுச்சந்துல உடவே மாட்டேன். நாலு தெரு சுத்தினு வருவேன். ஏழுமலை வேனோட கிரிவலம் போறான்னு ஸ்கூல்ல எல்லாம் கலாய்க்குறாங்க."

நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. "பசங்க எறங்குறது இடது பக்கம்தானேண்ணா? எறங்குன பிள்ள வண்டிகிட்டயே நின்னா?"

அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை வந்தார். காக்கிச் சட்டை இல்லை. "சாவிய கரஸ்பாண்டென்ட் அம்மாகிட்ட குடுத்துட்டேன் மேடம். கழுத்து திரும்பலன்னு நானே சொல்லிட்டேன். இப்ப எழுதுங்க."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"வாங்கி டிராயர்ல போட்டுக்கினாங்க."

இத்தனை வருட சர்வீஸில் படித்தவர், பணக்காரர், பதவியில் இருப்பவர் என்று எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வயதைக் குறைத்துச் சொன்னவர்களும், சர்க்கரை நோயை மறைத்தவர்களும் அதில் ஜாஸ்தி. தன் பிழைப்பைக் கழற்றி வைத்துவிட்டு உண்மையைச் சொல்ல வந்தவர் ஏழுமலை ஒருவர்தான். அன்று அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. டெஸ்கில் இருந்ததால், "டீ சாப்பிடுறீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

அப்பீல் போட்டோம். சர்ஜன் கோணமானி வைத்துக் கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, போட்டோ எடுத்துக் கொடுத்தார். வடுவுக்கு ஒரு கோடு, அது கழுத்தை இழுத்துப் பிடிப்பதற்கு இன்னொரு கோடு என்று இரண்டாகப் போட்டேன். அதே வேலூர் டாக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"இடது பக்கம் திரும்பாது சார். பசங்க எறங்குறது அந்தப் பக்கம்தான்."

அவர் நிமிர்ந்து ஒருமுறை ஏழுமலையைப் பார்த்தார். மேலே எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அனுமதி வந்தது. சதையை வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மறுபடி தடிக்காமல் இருக்க ஊசி, கழுத்துக்குப் பயிற்சி என்று மாதக்கணக்கில் வந்து போனார். அதுவரை பள்ளியில் கேட் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்திருந்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புண்ணின் பெயரைப் பார்த்ததும் கோடு தேட ஓடாதீர்கள். அது அந்த ஆளின் எந்த வேலையைத் தடுக்கிறது என்று கேளுங்கள். "ஒன்னும் இல்லை" என்று சொன்னால், எதற்குப் பயந்து அப்படிச் சொல்கிறார் என்றும் கேளுங்கள்.

ஒருநாள் மதியம் வாசலில் விடாமல் ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரியின் குறுகலான கேட்டுக்குள், இரண்டு தூணிலும் உரசாமல், மஞ்சள் வேன் ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் காக்கிச் சட்டையோடு ஏழுமலை. முகம் முழுசாக இடது தோளுக்கு மேல் திரும்பியிருந்தது.

"அதே சாவி மேடம். அம்மா அதே டிராயர்லருந்து எடுத்துக் குடுத்தாங்க" என்றார் இறங்கி வந்து.

"அதுக்கு இவ்ளோ சின்ன கேட்டுல ரிவர்ஸ்ல வரணுமாண்ணா? நேராவே வந்திருக்கலாமே?"

"வரலாம் மேடம். நீங்க பாக்கணும்ல?"