எலும்பு பிடிக்கும் வரை

நாச்சியார் அக்காவின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில்தான் விழுந்தன. ஒன்று வேரோடு கிடந்தது. இன்னொன்று பாதியில் ஒடிந்திருந்தது. இரண்டையும் நான்தான் பொறுக்கினேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. அவள் புருஷன் சுடலைக்கண்ணு நைட் ஷிப்ட் முடித்து வந்தான். சோறு ஆறிப்போயிருந்தது. தலையிலிருந்து கழற்றிய ஹெல்மெட்டை அப்படியே வீசி அவள் வாயில் அடித்தான். ஒரே அடிதான். அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாளித் தண்ணீரில் ரத்தம் நூல் நூலாக இறங்கியது. அவன் ஹெல்மெட்டைத் திருப்பி, கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தான்.

எங்கள் நிலம் வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, மிச்சமிருந்த இடத்தில் என் அப்பா ராஜாமணி வரிசையாக ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். நாலாவது அறைதான் அவர்களுடையது. அப்பா வாசலில் நின்று, "இன்னாப்பா சுடல, காலங்காத்தால? நாலு பேர் பாத்துக்கினு கீறாங்கல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அக்காவுக்குக் கழுகுமலைப் பக்கம். பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். நான் எட்டாவதோடு நின்றவள் என்று தெரிந்ததும், "அப்ப நீ எனக்கு மேல ஆபீசருட்டீ" என்று சிரித்தாள். சிரிக்கும்போது வாயைப் பொத்துகிற வழக்கம் அப்போது அவளுக்கு இல்லை.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே கம்பெனியில் வேலை. செயற்கைப் பல்லுக்கு வேராகத் தாடை எலும்புக்குள் திருகுகிற டைட்டானியம் திருகாணியை அங்கே செய்கிறோம். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். மெஷினிலிருந்து வரும்போது அது புது மெட்டி போலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு ஆகாது. பொடி மணலைக் காற்றில் பீய்ச்சி அதை அடிப்பார்கள். பிறகு சூடான அமிலத்தில் முக்குவார்கள். அமில அறையில் அக்காவின் கை வழியாகத்தான் எல்லாம் போகும். வெளியே வரும்போது சாம்பல் நிறத்தில் மங்கிப்போயிருக்கும். அடுத்த அறையில் நான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். தேன்கூடு மாதிரி குழி, குழிக்குள் குழி. அதற்குப் பிறகு விரல் படக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.

"வழவழன்னு இருந்தா எலும்பு பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டுப் போயிருமாம். சொரசொரன்னு இருந்தாத்தான் ரத்தம் ஒட்டும், ரத்தம் ஒட்டுன எடத்துல எலும்பு வந்து பிடிக்கும்" என்று அக்கா புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

சுடலைக்கண்ணுவுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. டார்க் கன் என்று ஒரு கருவியால் சக்கரத்து நட்டுகளை முறுக்குவான். சொன்ன அளவு வந்ததும் அது 'டிக்' என்று நிற்கும். நட்டு முறுகிவிட்டது, வேலை முடிந்தது. அவனுக்கு அதில் பெரிய கர்வம். வீட்டில் கேஸ் மூடி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் முறுக்கிப் பார்ப்பான். குடித்திருந்தால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகுவான். "டிக் வரட்டும், விடுதேன்" என்பான். ஒரு தடவை டிக் என்றே கேட்டது. அக்கா மாவுக்கட்டோடு ஒரு மாதம் வேலைக்கு வந்தாள்.

பல் போன மறுநாளும் வேலைக்கு வந்தாள். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பல் டாக்டர் சிவசங்கர் அவள் முகக்கவசத்தில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டார். கழற்றச் சொன்னார். டார்ச் அடித்து ஈறைப் பார்த்தார். பிறகு, "நீங்க செய்றதையே உங்களுக்கு வச்சிடலாம். முதல்ல ஒடிஞ்ச வேர எடுக்கணும், காயம் ஆறணும்" என்றார்.

நாலு மாதம் கழித்து, ஸ்ரீபெரும்புதூரில் அவர் கிளினிக்கில் இரண்டு திருகாணிகளை வைத்தார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தான் ஒரே தடவையாக அமிலத்தில் முக்கி எடுத்த தொகுப்பிலிருந்து, அந்த லாட்டிலிருந்து வேண்டும் என்று கேட்டாள். அந்த லாட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பாஸ் செய்தவள் நான்தான். ஈறுக்கு வெளியே சட்டைப் பொத்தான் போல இரண்டு உலோக மூடிகள் மட்டும் தெரிந்தன.

கேன்டீனில் ரசச்சோற்றைப் பிசைந்து விழுங்கிக்கொண்டே எனக்கு விளக்கினாள். "இப்ப முறுக்குன முறுக்குல நிக்கி. ஆனா மூணாவது வாரம் அந்தப் பிடி தளருமாம். பழைய எலும்பு கரையும், புது எலும்பு இன்னும் வந்திருக்காது. அப்பத்தான் ஒண்ணும் படக் கூடாதாம். பன்னெண்டு வாரம் தாண்டிட்டா யாராலயும் அசைக்க முடியாதாம்."

"அந்த ஆளு சும்மா இருப்பாராக்கா?"

"சொல்லிட்டேன்."

என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அப்பா கட்டிய சுவர்கள் மெல்லியவை. "இந்தப் பன்னெண்டு வாரமும் மூஞ்சில மட்டும் அடிக்காதிய. முதுகுல அடிச்சிக்கிடுங்க" என்று கேட்டிருந்தாள். அவன் சிரித்தான். "சரிட்டீ, உனக்கு லீவு" என்றான்.

பத்தொன்பது நாள் வாக்கைக் காப்பாற்றினான். முதுகில் பெல்ட்டால் அடித்தான். ஒருநாள் தண்ணீர்க் குடத்தை விலாவில் எறிந்தான். அவள் இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அமில அறையில் கவச உடை மாட்டும்போது அவள் முதுகை நான் பார்த்தேன். ஊதா, மஞ்சள், கறுப்பு. "மூடுட்டீ ஜிப்ப" என்றாள்.

இருபதாம் நாள் மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுடலைக்கண்ணு வேலை செய்யும் லைனில் எவனோ, "உம் பொண்டாட்டிக்கு டாக்டரு சும்மாவே பல்லு வச்சி விட்டாராமே" என்று கேட்டிருக்கிறான். அதைக் கேட்டு இவன் பாதி ஷிப்டில் கிளம்பி வந்திருந்தான். கையில் கட்டிங் பிளேயர்.

"எவன்ட்டி அவன், உன் வாய்க்குள்ள கைய விட்டவன்?"

"டாக்டருங்க. பயிற்சிக்கு வருவாருல்லா."

"டைட்டா வச்சிருக்கானான்னு பாக்கணும்லா. நான் பாக்காத டைட்டா? வாயத் தொற, மூதி."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவளைக் கீழே தள்ளி, இரண்டு முழங்கைகள் மேலும் முழங்கால்களை ஊன்றி, மார்பில் உட்கார்ந்திருந்தான். மூக்கைப் பிடித்தான். மூச்சுக்கு அவள் வாய் திறந்ததும் பிளேயரை உள்ளே விட்டான். பல்லில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. உதடு கிழிந்தது. மூடியைக் கவ்வி, நட்டு முறுக்குவதைப் போல வலப்பக்கமாகத் திருகினான்.

"டிக் வரட்டும்" என்றான்.

அவள் கத்தியது மனிதச் சத்தமாக இல்லை. நான் கதவைத் தள்ளி உள்ளே ஓடி அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் இடித்தான். கதவில் போய் மோதினேன். ஆனால் அதற்காக அவன் ஒரு முழங்காலை எடுத்திருந்தான். அக்காவின் வலது கை விடுபட்டது. அடுப்பு மேடையின் கீழே சாத்தி வைத்திருந்த இரும்பு தோசைக்கல்லை அந்தக் கை எட்டிப் பிடித்தது.

முதல் அடி அவன் தாடையில் விழுந்தது. தேங்காய் உடைக்கிற மாதிரி சத்தம். அவன் சரிந்தான். அவள் எழுந்து நின்று, பிளேயர் பிடித்திருந்த கையைத் தரையில் வைத்து அடித்தாள். விரல்கள் அசையாமல் போகும்வரை அடித்தாள். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. அவன் தாடை ஒரு பக்கமாக நகர்ந்து, வாய் மூட முடியாமல் கோணிக் கிடந்தது. ஏதோ சொல்லப் பார்த்தான். எச்சிலும் ரத்தமும்தான் வந்தன.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து துப்பினாள். நாக்கால் ஒவ்வொரு மூடியையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணு சுத்திட்டு, காவேரி" என்றாள். "ஒண்ணு நிக்கி."

போலீஸ் வந்தபோது அப்பா என்னிடம், "நீ உள்ள போம்மா, நமக்கு எதுக்கு?" என்றார். நான் போகவில்லை. பெண் போலீஸ் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பிளேயர் முதலில், தோசைக்கல் பிறகு என்று மட்டும் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். பிளேயரின் பல்லில் ஈறுச் சதை ஒட்டியிருந்தது.

டாக்டர் கிழிந்த உதட்டைத் தைத்தார். சுற்றிய திருகாணியை உடனே எடுக்கவில்லை. தொடாமல் விட்டுப் பார்ப்போம் என்றார். அக்கா கஞ்சியிலேயே நாட்களை ஓட்டினாள். சுடலைக்கண்ணுவும் ஆஸ்பத்திரியில் கஞ்சிதான் குடித்தான்.

ஏழாவது வாரம் அவன் அண்ணன் பெருமாள்சாமி ஊரிலிருந்து வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அவன் தாடையில தகடு வச்சித் திருகிருக்காவ. பாக்கச் சகிக்கல. அவன் மேல குடுத்த கேச வாபஸ் வாங்கும்மா. ஆம்பள கோவத்துல ரெண்டு அடிப்பான், நீ தோசைக்கல்லத் தூக்கலாமா?"

"அது வழவழன்னுள்ள தகடு அத்தான்" என்றாள் அக்கா. "எலும்பு கூடினதும் கழத்திருவாவ. கழத்துறதுக்குன்னுதான் அப்படிச் செய்யுதாவ. பயப்படாதிய."

"நான் எதக் கேக்கேன், நீ எதச் சொல்லுத?"

"கேஸு இருக்கட்டும். நீங்க காப்பி குடிங்க."

அவர் குடிக்காமல் எழுந்து போனார்.

பன்னிரண்டாவது வாரம் நானும் கிளினிக்குக்குக் கூடப் போனேன். டாக்டர் ஒரு மூடியைக் கருவிக் கைப்பிடியால் தட்டினார். கல்லில் தட்டியது போலக் கேட்டது. முறுக்கிப் பார்த்தார், அசையவில்லை. அடுத்ததைத் தட்டினார். மண்சுவரில் தட்டியது போலிருந்தது. இரண்டு விரலால் திருகினார். வலியே இல்லாமல் கழன்று வந்துவிட்டது. அக்கா அதைத் தன்னிடமே கொடுக்கச் சொன்னாள்.

மறுநாள் ஷிப்ட் தொடங்குவதற்கு முன் சின்னக் குப்பியில் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "பாரு" என்றாள். வெளியில் போய் வந்த எதையும் என் அறைக்குள் கொண்டுவரக் கூடாது. ஆனாலும் இடுக்கியால் எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். பெரும்பாலும் சவ்வுதான் படிந்திருந்தது. திருகாணியின் அடிப்பக்கத்தில், மரைகளுக்கு நடுவே, வெள்ளையாகச் சில துணுக்குகள் இருந்தன. ஊசி முனையால் தள்ளினேன். வரவில்லை. குழிக்குள் போய்ப் பிடித்திருந்தன. அவன் திருகுவதற்கு முன் பிடித்ததா, பின்னால் மறுபடி முயன்றதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"என்ன தெரியுது?"

"எலும்புக்கா. கொஞ்சம் ஒட்டிக்கினு கீது."

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "ஒட்டத்தான் பாத்திருக்கு, பாவம்" என்றாள். குப்பியை எடுத்துக்கொண்டு போனாள். இன்னொன்று வைக்க எலும்பு ஆற வேண்டும், நாலு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலாவது அறையில் இப்போது அவள் மட்டும்தான் இருக்கிறாள்.

நிலைத்து நின்ற திருகாணியின் மேல் போன மாதம் பல் கட்டினார்கள். முதல் நாள் கேன்டீனில் அக்கா ஒரு கடலைமிட்டாயைப் பிரித்தாள். பக்கத்தில் ஓட்டை, இந்தப் பக்கம் ஒற்றைப் பல். "ஒடைஞ்சா ஒடையட்டும்" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரு பல்லால் நடுவில் கடித்தாள்.

மிட்டாய்தான் உடைந்தது.