சுரண்டப்பட்ட கொக்கு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருடம் தரம் பார்த்தவன் நான். ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்த ஜோடிகள் உள்ளூர் விற்பனைக்குப் போகும் முன் அவற்றிலுள்ள வெளிநாட்டு முத்திரையைச் சுரண்டி அழிக்க வேண்டும். அந்தப் பெயர் அவர்கள் சொத்து. மட்டச் சரக்கோடு ஊர் சுற்றக் கூடாது. சுரண்டுவதில் என் கை சுத்தம் என்று மேலாளர் ஒருமுறை சொன்னார். உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

வேலையை விட்டு வீட்டிலேயே மணிபர்ஸ் தைக்க ஆரம்பித்தபோது, எனக்கும் ஒரு முத்திரை வேண்டும் என்ற ஆசை வந்தது. ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. காட்பாடி வக்கீல் ஒருவர் மூலம் பதிவுக்கு விண்ணப்பித்தேன். சரக்கு யாருடையது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும், வேறொருவன் அதே கொக்கை நிறுத்தினால் வழக்குப் போட வேண்டும் என்று வக்கீலுக்கே சட்டம் சொன்னேன். அவர் பொறுமைசாலி. சான்றிதழ் வந்ததும் கூடத்தில் மாட்டினேன். அங்கிருந்த கல்யாணப் போட்டோ பீரோ மேல் ஏறியது.

கொக்கு அடித்த பர்ஸ்களை லாங் பஜாரில் ஒரு பாய் கடையில் விற்கக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் போய்ப் பார்த்தால், கொக்கு இருந்த இடத்தில் வெறும் சொரசொரப்பு.

"பாய், இன்னா இது? என் கொக்கு எங்க?"

"சுரண்டிட்டேன் சார்."

"பதிவு பண்ணது பாய். கேஸ் போட்டேன்னா பேஜாராயிடும்."

"போடுங்க. கொக்கு இருந்தா லோக்கலுன்னு வெச்சிட்டுப் போறாங்க. சுரண்டியிருந்தா எக்ஸ்போர்ட்டுன்னு கேள்வி கேக்காம எடுக்கறாங்க. சரக்கு போவணுமா, கொக்கு நிக்கணுமா?"

அதற்குள் ஒருவர் வந்து ஒரு பர்ஸை எடுத்து, சுரண்டிய இடத்தைத் தடவி, எனக்கு விளக்கினார்: "பெரிய கம்பெனி சார். பேர் தெரியக் கூடாதுன்னு அழிச்சிருக்கான்."

"இருக்கும்" என்றேன்.

அவர் போனதும் பாய் குரலைத் தணித்தார். "எங்க ஆளு சுரண்டுனா தோலும் சேர்ந்து வந்துடுது. நீங்களே நீட்டா சுரண்டிக் குடுத்துடுங்க சார்."

கொடுக்கிறேன். கை இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

மனைவி இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சுரண்டத்தான் போறீங்கன்னா, எதுக்குங்க மொதல்ல அடிக்கறீங்க?"

பல வருடம் பயன்படுத்தாமல் விட்ட முத்திரையைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி யாரும் மனுப் போடலாம். சட்டப் பாதுகாப்பு வேண்டுமானால் அடித்தே ஆக வேண்டும் என்று விளக்கினேன்.

மறுநாள் கல்யாணப் போட்டோ பழைய ஆணிக்கே திரும்பியிருந்தது.